பழைய விமானி அங்கி: எந்த வகை, எந்தக் காலம் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

ஆரையம்பதியில் இருந்து ஒரு தம்பி படங்களோடு கேட்டிருக்கிறார். அவருடைய அம்மப்பா இரண்டாம் உலக யுத்தக் காலத்தில் திருகோணமலை சீனக்குடா விமானத் தளத்தில் வேலை செய்தவர். அவர் விட்டுப்போன டிரங்குப் பெட்டிக்குள் கையில்லாத ஒரு பழைய அங்கி இருந்திருக்கிறது. பச்சை கலந்த காக்கி நிறம், சின்னதும் பெரிதுமாக ஏகப்பட்ட பொக்கெட்டுகள், இடது கக்கத்துக்குக் கீழே நீளமாக ஒரு துவக்கு உறை. லேபல் அநேகமாக அழிந்துவிட்டது. ஹேர்மீஸ் என்ற பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பலில் வந்த விமானியின் அங்கி அது என்று வீட்டில் சொல்லிவந்திருக்கிறார்கள். எந்த நாட்டு அங்கி, எந்த வகை, அசலா நகலா என்பதுதான் கேள்வி.

தம்பி, எனக்குத் தெரிந்த பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். படத்தில் தெரிவதை வைத்துப் பார்த்தால் அது அமெரிக்க இராணுவ விமானப் படையின் சி-1 வகை உயிர்காப்பு அங்கி. இரண்டாம் உலக யுத்தத்தின் பிற்பகுதியில் வழக்குக்கு வந்தது. ஹேர்மீஸுக்கும் அதற்கும் சம்பந்தம் இருக்க வழியில்லை. வலது பக்கத்துப் பொக்கெட் ஒன்றில் தெரிகிற வெல்க்ரோ பின்னாளில் யாரோ தைத்தது. ஆனால் படத்தை மட்டும் பார்த்துவிட்டு "இதுதான்" என்று அடித்துச் சொல்வது சரியில்லை. கையில் வைத்திருப்பவர் நீங்கள். என்னென்ன பார்க்க வேண்டும், எந்த ஒழுங்கில் பார்க்க வேண்டும் என்று விளக்கமாக எழுதுகிறேன். இதே மாதிரி வேறு அங்கி கிடைத்தவர்களுக்கும் உதவும்.

அநேகமானோர் லேபலில் தொடங்குவார்கள். நான் லேபலைக் கடைசிக்கு முன்னால்தான் பார்ப்பேன். குடும்பக் கதையைக் கடைசியில் கேட்பேன். முதலில் பார்ப்பது பொக்கெட்டுகளை. லேபலை ஒன்றிலிருந்து பிரித்து இன்னொன்றில் தைத்துவிடலாம். கதை வாய்க்கு வாய் வளரும். பொக்கெட் அப்படியில்லை. விமானி அங்கியின் ஒவ்வொரு பொக்கெட்டும் ஒரு குறித்த சாமானை அளந்து வெட்டியது. சமிக்ஞைக் கண்ணாடிக்குத் தட்டையான சதுரம், கத்திக்கு ஒடுங்கிய நீளம், திசைகாட்டிக்குச் சின்னதாக ஆழமான ஒன்று. சாமான் போய்ப் பல வருடம் ஆனாலும் பொக்கெட் அதன் அளவைக் காட்டிக்கொண்டே இருக்கும். எந்தச் சாமானுக்காகத் தைத்தார்கள் என்று தெரிந்தால் எந்தக் காலத்தில், எந்தப் படைக்காகத் தைத்தார்கள் என்பதும் தெரிந்துவிடும்.

அதற்கும் முன்னால் ஒரு கேள்வி: அங்கி மிதக்கச் செய்ததா, சாமான் சுமக்கச் செய்ததா? இந்த இரண்டையும் குழப்பிக்கொள்பவர்கள் நிறையப் பேர். நம்முடைய கரையோரத்தில் எல்லோருக்கும் லைஃப் ஜக்கெட் தெரியும் என்பதால் பழைய விமானி அங்கி எதைக் கண்டாலும் லைஃப் ஜக்கெட் என்றே சொல்லிவிடுகிறார்கள். மிதவை ஜக்கெட்டுக்குள் காற்றுப் பை இருக்கும், அல்லது இலவம்பஞ்சு மாதிரி மிதக்கும் ஏதாவது அடைத்திருக்கும். கழுத்தைச் சுற்றி வருகிற அமைப்பும், வாயால் ஊதுகிற குழாயும் இருக்கும். உயிர்காப்பு அங்கிக்கு இது எதுவும் இல்லை. கடலிலோ காட்டிலோ விழுந்த விமானி, தேடி வருகிறவர்கள் வந்து சேரும்வரை உயிரோடு இருப்பதற்கான சாமான்களை உடம்போடு வைத்திருப்பதுதான் அதன் வேலை. பரசூட்டில் குதிக்கிறவர் விமானத்துக்குள் இருக்கும் பையை எடுத்துக்கொண்டு குதிப்பார் என்று நம்ப முடியாது. உடம்பில் மாட்டியது மட்டும்தான் அவரோடு வந்து சேரும். அந்த ஒரு தேவையில் இருந்துதான் இந்த அங்கிகள் எல்லாம் வந்தன.

மிதவை ஜக்கெட்டுகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இலங்கையில் கிடைக்கக்கூடிய யுத்தக்கால விமானிச் சாமான்களில் பிரித்தானிய மிதவை ஜக்கெட்டுக்கு வாய்ப்பு அதிகம். விமானிகள் அதை மே வெஸ்ட் என்று அழைப்பார்கள். 1932 மாதிரி, 1941 மாதிரி என்று இரண்டு முக்கிய வகை. 1932 மாதிரியின் துணி காக்கிப் பச்சை, காற்றை வாயால் ஊத வேண்டும். கடலில் அந்த நிறம் கண்ணில் படாது என்பதால் 1940இல் பல விமானிகள் அதற்குத் தாங்களே மஞ்சள் பெயின்ற் அடித்தார்கள். ஆகவே மஞ்சள் பெயின்ற் உரிந்து உள்ளே பச்சைத் துணி தெரிகிற ஜக்கெட் கிடைத்தால் அதை யாரோ கெடுத்துவிட்டார்கள் என்று நினைத்துவிடாதீர்கள், அந்தப் பெயின்ற்தான் அதன் சரித்திரம். 1941 மாதிரி மஞ்சள் துணியிலேயே வந்தது. ஒரு நெம்புகோலை இழுத்தால் சிறிய வாயுக் குப்பியில் இருந்து காற்றுப் பை நிரம்பும். அமெரிக்க பி-4 ஜக்கெட்டும் மஞ்சள்தான், ஆனால் அதில் காற்றறை இரண்டு, அவற்றுக்கு ஒவ்வொன்றாக இரண்டு சின்ன வாயுக் குப்பிகள். குப்பி எத்தனை என்று எண்ணினாலே பிரித்தானியமா அமெரிக்கமா என்பது பெரும்பாலும் தெரிந்துவிடும்.

இன்னொரு தடயம் கறை. மிதவை ஜக்கெட்டுகளோடு ஃபுளோரசீன் என்ற சாயப் பொட்டலம் வரும். கடலில் விழுந்தவர் அதைத் திறந்தால் அவரைச் சுற்றி நீர் பளீரென்ற பச்சை மஞ்சளாக மாறும், மேலே பறக்கிறவர்களுக்குத் தெரியும். காய்ந்த தூளாக இருக்கும்போது அதே சாயம் செம்மஞ்சள் நிறம். மட்டக்களப்பு மாரிக் காற்றில் பெட்டிக்குள் இருந்த பொட்டலம் ஈரம் உறிஞ்சிக் கசிந்தால் துணியில் நடுவில் செம்மஞ்சளும் ஓரத்தில் பச்சை மஞ்சளுமாக ஒரு வட்டம் விழும். நெஞ்சுப் பக்கத்தில் அந்தக் கறை இருந்தால் சாயப் பொட்டலம் இருந்த இடம் அதுதான். கழுவிப் போக்காதீர்கள். அமெரிக்கக் கடற்படை ஜக்கெட்டுகளில் சுறா விரட்டும் பொட்டலம் என்று இன்னொன்றும் இருந்தது, செப்பு அசிற்றேற்றும் கறுப்புச் சாயமும் கலந்தது. அதன் கறை மை கொட்டியது போலக் கறுப்பாக இருக்கும்.

இனி உங்கள் அங்கிக்கு வருவோம்.

சி-1 அங்கி பருத்தித் துணியில் தைத்தது. பரசூட் வார்களுக்கு உள்ளே, பறக்கும் உடுப்புக்கு மேலே போட்டுக்கொள்வது. அதற்குள் வைத்தவை: சமிக்ஞைக் கண்ணாடி, தூண்டிலும் ஊசி நூலும் சேர்ந்த சிறு பொதி, திசைகாட்டி, மடக்குக் கத்தி, நீர் புகாத குப்பியில் தீக்குச்சி, தண்ணீர்ப் பை, தீச்சமிக்ஞைக் குழல், வெயில் கண்ணாடி, கையுறை, தொப்பி, பூச்சிக்கு ஒரு மருந்து, தீக்காயத்துக்கு ஒரு களிம்பு, கொஞ்சம் உணவு. இத்தனையும் ஒரு மனிதனின் மேல் உடம்பில் சுமக்க வேண்டும் என்பதால்தான் பொக்கெட்டுகள் ஒன்றுக்கொன்று பொருந்தாத அளவுகளில் நெருக்கமாக இருக்கின்றன. பார்க்க ஒழுங்கில்லாதது போல இருக்கும். அந்த ஒழுங்கின்மைதான் எனக்கு முதல் நம்பிக்கையைத் தந்தது. அழகுக்காகத் தைக்கிற பல பொக்கெட் அங்கிகளில், மீன்பிடிக்கிறவர்களும் படம் பிடிக்கிறவர்களும் போடுகிற அங்கிகளில், இடமும் வலமும் ஒரே அளவாக இருக்கும். சி-1இல் இடப்பக்கம் துவக்கு உறைக்காக விட்டுக்கொடுத்ததால் வலப்பக்கம் அதைப் போல இருக்க முடியாது.

அந்த உறையை நன்றாகப் பாருங்கள். அது .45 ஓட்டோமட்டிக் பிஸ்டலுக்கு வெட்டியது. அந்தப் பிஸ்டல் தட்டையானது, ஆகவே உறையும் தட்டையாக, ஓரளவு ஒரே அகலத்தில் போகும். வியட்நாம் யுத்தக் காலத்து அமெரிக்க விமானிகளிடம் இருந்தது .38 ரிவோல்வர். ரிவோல்வருக்கு நடுவில் உருளை புடைத்திருப்பதால் உறையின் வாய்ப்பக்கம் அகன்று அடிப்பக்கம் ஒடுங்கும். 1985க்குப் பிறகு அமெரிக்கப் படைகளுக்கு 9 மில்லிமீற்றர் பிஸ்டல் வந்தது, அதோடு உறைகளின் வெட்டும் மாறியது. வேறு எதுவும் தெரியாவிட்டாலும் உறையின் வாயை அளந்து அதன் வெட்டைப் பார்த்தால் மூன்று காலங்களில் எது என்று பிரித்துவிடலாம். உங்கள் படத்தில் இருப்பது தட்டை உறை.

ஹேர்மீஸ் கதை ஏன் பொருந்தாது என்று சொல்கிறேன், வீட்டில் உள்ளவர்களின் மனம் நோகாமல் நீங்கள் எடுத்துச் சொல்லலாம். ஹேர்மீஸ் விமானந்தாங்கி 1942 ஏப்ரல் 9ஆம் திகதி நமது மட்டக்களப்புக் கடலில் ஜப்பானிய விமானங்களின் குண்டுவீச்சில் மூழ்கியது. அதோடு சென்ற அவுஸ்திரேலியக் கப்பல் வம்பயரும் மூழ்கியது. ஹேர்மீஸில் மட்டும் 307 பேர் இறந்தார்கள். வீட்டா என்ற மருத்துவக் கப்பல் சுமார் 600 பேரைத் தண்ணீரில் இருந்து தூக்கியது. அன்றைக்கு ஹேர்மீஸில் விமானம் ஒன்றுகூட இல்லை. அதன் விமானங்கள் சீனக்குடாவில் தரையிறக்கப்பட்டிருந்தன, கப்பல் தன்னைக் காக்க ஒரு விமானத்தைக்கூட எழுப்ப முடியாமல் போனதற்குக் காரணமும் அதுதான். தண்ணீரில் தத்தளித்தவர்கள் கப்பல் மாலுமிகள். பிரித்தானியக் கடற்படை மாலுமி இடுப்பிலும் நெஞ்சிலும் கட்டியது ஊதிக்கொள்ளும் ரப்பர்த் துணி வளையம். உங்களிடம் இருப்பது அமெரிக்க விமானப் படை அங்கி, அந்த வகை 1942 ஏப்ரலில் வழக்கில் இல்லை. கல்லடிக்கு வெளியே கடலுக்கடியில் அந்தக் கப்பல் இன்னும் கிடக்கிறது என்பதால் இங்கே யுத்தக்காலச் சாமான் எது கிடைத்தாலும் ஹேர்மீஸோடு முடிச்சுப் போடுவது நமது பழக்கம். அந்தக் கப்பலில் செத்தவர்களுக்கு மரியாதை செய்வதானால் அவர்களுடையது இல்லாததை அவர்கள் பெயரில் வைக்கக் கூடாது என்பது என் எண்ணம்.

அப்படியானால் அமெரிக்க அங்கி சீனக்குடாவுக்கு எப்படி வந்தது? வர வழி இருந்தது. 1944 ஆகஸ்ட் 10ஆம் திகதி அமெரிக்க பி-29 குண்டுவீச்சு விமானங்கள் சீனக்குடாவில் இருந்து கிளம்பி சுமாத்திராவின் பலெம்பாங் எண்ணெய்ச் சுத்திகரிப்பு நிலையத்தைத் தாக்கப் போயின. போய்வர 6,000 கிலோமீற்றருக்கு மேல், வழி முழுக்கக் கடலும் காடும். இப்படியான பயணத்துக்காகவே தைத்த அங்கி மாதிரித்தான் சி-1 இருக்கிறது. அதே வருடம் ஏப்ரலில் அமெரிக்கக் கடற்படையின் சரட்டோகா விமானந்தாங்கியும் திருகோணமலையில் நின்றது. ஆனால் சி-1 இராணுவ விமானப் படையின் சாமான், கடற்படையினது அல்ல. ஆகவே பி-29 பக்கம் சாய்கிறேன். உங்கள் அம்மப்பா அந்த வருடம் தளத்தில் வேலையில் இருந்தாரா என்று கேட்டுப் பாருங்கள். சம்பளச் சீட்டோ நுழைவு அட்டையோ அதே பெட்டிக்குள் கிடந்தால் அங்கியை விட அதற்குப் பெறுமதி அதிகம். யுத்தம் முடிந்த பிறகு மிஞ்சிய சாமான்கள் ஏலத்திலும் பழைய சாமான் கடைகளிலும் கைமாறின என்பதையும் மறக்க வேண்டாம், அந்த வழியிலும் வந்திருக்கலாம்.

ஒரு விஷயத்தில் கவனம் வேண்டும். விமானம் அமெரிக்காவினது என்பதால் விமானியின் உடுப்பும் அமெரிக்காவினது என்று எடுத்துவிடக் கூடாது. இலங்கையில் இருந்து பறந்த கட்டலினா, லிபரேட்டர் விமானங்கள் அமெரிக்கத் தயாரிப்பு, ஆனால் அவற்றை ஓட்டியவர்களில் பெரும்பாலானோர் பிரித்தானிய, கனேடிய விமானப் படைக்காரர்கள். சிகிரியாவிலும் பிறகு காங்கேசன்துறையிலும் மின்னேரியாவிலும் இருந்த 160ஆவது ஸ்குவாட்ரன் லிபரேட்டரில் பறந்தது. அவர்கள் போட்டது பிரித்தானிய உடுப்பு. பிரித்தானியர் தூர கிழக்குக் காடுகளுக்காக பீடன் சூட் என்று ஒன்றைத் தைத்தார்கள், வடிவமைத்த அதிகாரியின் பெயரால் வந்தது. அது அங்கி இல்லை, கழுத்தில் இருந்து கணுக்கால் வரை ஒரே உடுப்பு, காலிலும் பெரிய பொக்கெட்டுகள். அதன் மேல் பாதியை வெட்டி எடுத்து அங்கி என்று விற்றால் இடுப்பு ஓரத்தில் வெட்டி மடித்த புதுத் தையல் காட்டிக்கொடுத்துவிடும்.

யுத்தத்துக்குப் பிந்திய அங்கிகளில் நீங்கள் அதிகம் காணக்கூடியது எஸ்.ஆர்.யூ-21/பி. அமெரிக்க விமானப் படையும் பிறகு இராணுவ ஹெலிகொப்டர்க்காரர்களும் பாவித்தது, வியட்நாம் யுத்தப் படங்களில் பார்த்திருப்பீர்கள். சி-1ஓடு குழப்பவே முடியாது. இதன் உடம்பு வலை, நடுவில் சிப், அளவு கூட்டிக் குறைக்க நாடா, வலைக்கு மேல் தைத்த நைலோன் பொக்கெட்டுகள். வெக்கையான இடத்தில் வியர்வை போக வேண்டும் என்பதற்காகத்தான் வலை. கடற்படையின் எஸ்.வி-2 வகை வேறு மாதிரி. அது உடம்போடு கட்டும் வார்த் தொகுதியோடும் மிதவையோடும் சேர்த்துப் போடுவது, ஆகவே அவை நுழைந்து வருவதற்கான இடங்களும் பட்டிகளும் அதில் இருக்கும். தனியாகப் பார்த்தால் காரணமில்லாமல் தொங்குவது போல இருக்கும் பட்டிகளுக்கு அதுதான் காரணம். வியட்நாம் காலத்தில் அங்கிக்குள் மிக முக்கியமான சாமானாக மாறியது சிறு ரேடியோ. ரேடியோவின் மாதிரி மாறும்போதெல்லாம் பொக்கெட்டும் மாறியது. ஒரே எஸ்.ஆர்.யூ-21/பி அங்கியில் ரேடியோ பொக்கெட் மட்டும் வேறு துணி, வேறு நூல் என்றால் பயப்பட வேண்டாம், பாவனையில் இருந்தபோதே மாற்றியிருப்பார்கள்.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும், ஏனென்றால் சேகரிப்பவர்கள் அதிகம் சண்டை பிடிப்பது இதில்தான். தொழிற்சாலையில் இருந்து வந்த வேறுபாடு ஒன்று, தளத்தில் செய்த மாற்றம் இன்னொன்று, விற்பதற்காகச் செய்த பொய் மூன்றாவது. ஒவ்வொரு விமானத் தளத்திலும் பரசூட் மடிப்பவர்கள் தையல் மெஷினோடு இருந்தார்கள். விமானி கேட்டால் பொக்கெட்டை இடம் மாற்றுவார்கள், கத்தியுறை தைத்துக் கொடுப்பார்கள். அந்த மாற்றம் அசல்தான். எப்படித் தெரிந்துகொள்வது? பொக்கெட் ஒன்று எடுபட்ட இடத்தில் துணி கருமையாக, ஒரு சதுர நிழல் போல இருக்கும், மற்ற இடமெல்லாம் வெயிலில் வெளிறியிருப்பதால். அந்தச் சதுரத்தின் ஓரத்தில் வெறும் ஊசித் துளைகள் வரிசையாக நிற்கும். சதுரமும் கொஞ்சம் வெளிறியிருந்தால் பொக்கெட் எடுபட்ட பிறகும் அங்கி நெடுநாள் வெயிலில் திரிந்திருக்கிறது, அதாவது மாற்றம் பழையது. சதுரம் புத்தம் புதுத் துணி போல இருந்தால் மாற்றம் சமீபத்தியது. உங்கள் அங்கியில் வெல்க்ரோவைச் சுற்றி இதைப் பாருங்கள். வெல்க்ரோ 1950களில்தான் சந்தைக்கு வந்தது, ஆகவே அது யுத்தக்கால வேலையாக இருக்க முடியாது. அங்கியை யாராவது பின்னாளில் தோட்டத்துக்கோ தோணிக்கோ பாவித்திருக்கலாம். அதனால் அங்கி நகல் ஆகிவிடாது. வெல்க்ரோவைப் பிரித்து எடுக்கவும் வேண்டாம்.

தையலைப் பார்க்க உங்களுக்கு நிபுணர் தேவையில்லை. நம்முடைய பக்கத்தில் கார்மென்டில் வேலை செய்த ஒரு அக்காவோ தங்கச்சியோ இல்லாத தெரு குறைவு. அவர்களிடம் காட்டுங்கள். இரட்டை ஊசித் தையல் எது, ஒற்றை ஊசியில் இரண்டு தரம் ஓட்டியது எது, பொக்கெட் மூலையில் பார்டாக், அதாவது பிரியாமல் இருக்க நெருக்கமாகப் போடும் கட்டுத் தையல், போட்டிருக்கிறதா, அல்லது முன்னும் பின்னும் ஓட்டிச் சமாளித்திருக்கிறதா என்று ஒரு நிமிஷத்தில் சொல்லிவிடுவார்கள். படைக்கு ஒப்பந்தத்தில் தைத்த அங்கியில் இழு விசை விழுகிற மூலைகளில் எல்லாம் ஒரே மாதிரி பார்டாக் இருக்கும். ஒரு பொக்கெட்டில் மட்டும் இல்லை என்றால் அந்தப் பொக்கெட் பிறகு வந்தது. துணிக்கு மருதமுனையில் நெசவு தெரிந்த பெரியவர் யாரையாவது கேளுங்கள். நேர் நெசவா, சாய்வரி நெசவா, முறுக்கு இறுக்கமா தளர்வா என்று விரலால் தடவியே சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். அங்கியின் மூல நிறம் வேண்டுமானால் வெளியே பார்க்காதீர்கள், பொக்கெட் மூடியைத் தூக்கி அதன் கீழே பாருங்கள்.

நூலைச் சோதிக்க ஒரு பழைய வழி உண்டு. தையலின் உட்பக்கத்தில் தானாகப் பிரிந்து தொங்கும் நூல் நுனி ஒன்றை, அங்கியில் இருந்து தூரமாகக் கொண்டுபோய்க் கொளுத்திப் பாருங்கள். பருத்தி என்றால் கடதாசி எரிகிற மணம், மென்மையான சாம்பல். நைலோன் என்றால் உருகி மணி போலத் திரளும். தீக்காப்புக்காகப் பின்னாளில் வந்த நோமெக்ஸ் என்றால் உருகாது, கருகும். வியட்நாம் காலத்து அங்கிகளில் முந்தியதா பிந்தியதா என்று பிரிக்க இது நல்ல வழி. இழுத்துப் பிடுங்கிச் சோதிக்காதீர்கள், தொங்குகிற நூல் இல்லை என்றால் சோதனையும் வேண்டாம். ஊதாக்கதிர் டோர்ச்சில் பார்க்கச் சொல்பவர்கள் உண்டு, நூல் வெள்ளையாகப் பளிச்சென்று ஒளிர்ந்தால் புதியது என்பார்கள். அரைவாசி உண்மை. இன்றைய சவர்க்காரத் தூளிலேயே ஒளிரும் பொருள் இருக்கிறது. ஒரு தரம் அதில் தோய்த்தால் 1944ஆம் ஆண்டுத் துணியும் ஒளிரும். துணி முழுக்க மங்கலாக இருந்து தையல் மட்டும் ஒளிர்ந்தால்தான் சந்தேகப்பட வேண்டும்.

சரி, லேபல். யுத்தக்கால அமெரிக்க விமானப் படை லேபலில் வகையின் பெயர், ஒப்பந்த இலக்கம், தயாரித்த கம்பனி, படையின் சொத்து என்ற வரி ஆகியவை இருக்கும். அமெரிக்க விமானப் படை 1947 செப்டெம்பரில்தான் இராணுவத்தில் இருந்து பிரிந்து தனிப் படையானது, ஆகவே லேபலில் இராணுவம் என்ற சொல் விமானப் படையோடு சேர்ந்து வந்தால் அது அதற்கு முந்தியது என்று எடுக்கலாம். பிறகு வந்த லேபல்களில் இருப்பு இலக்கத்தைப் பாருங்கள். 11 இலக்கம் என்றால் 1974க்கு முந்திய முறை, 13 இலக்கம் என்றால் பிந்தியது. 13 இலக்கத்தில் முதல் நான்குக்கு அடுத்த இரண்டும் நாட்டைக் காட்டும், 00 அல்லது 01 அமெரிக்கா, 99 பிரித்தானியா. 1960களின் அமெரிக்க ஒப்பந்த இலக்கம், படைகளுக்குச் சாமான் வாங்கும் நிறுவனத்தின் சுருக்கப் பெயரான டி.எஸ்.ஏ. என்று தொடங்கும், நடுவில் வருகிற இரண்டு இலக்கம் நிதியாண்டு. 68 என்றால் 1967 ஜூலையில் தொடங்கி 1968 ஜூனில் முடிந்த ஆண்டு. 1977இல் அந்த நிறுவனத்தின் பெயர் மாறியதால் பிறகு டி.எல்.ஏ. என்று வரும். பிரித்தானியச் சாமானில் கிரீடத்தின் கீழ் ஏ, எம் என்ற இரண்டு எழுத்துகள் இருந்தால் விமான அமைச்சு. அந்த அமைச்சு 1964இல் பாதுகாப்பு அமைச்சோடு சேர்ந்துவிட்டது. 22சி என்று தொடங்கும் இலக்கம் அவர்களுடைய பறக்கும் உடுப்புப் பிரிவு.

லேபல் அழிந்திருந்தால் கைவிட வேண்டாம். மை போனாலும் அச்சு அழுத்திய தடம் சில வேளை நிற்கும். இருட்டறையில் டோர்ச்சைப் பக்கவாட்டில் தாழ்த்திப் பிடித்து, கமராவை நேர் மேலே வைத்துப் படம் எடுங்கள். பிறகு அந்தப் படத்தைக் கறுப்பு வெள்ளையாக்கிக் கருமையைக் கூட்டிப் பாருங்கள். தண்ணீரோ எண்ணெயோ பூசிப் பார்க்கிற வேலையே கூடாது.

சிப்பில் உள்ள கம்பனிப் பெயரை வைத்துக் காலம் சொல்கிறவர்களை நான் அவ்வளவாக நம்புவதில்லை. டலோன், கொன்மார், ஸ்கோவில் எல்லாம் நெடுங்காலம் சிப் செய்த கம்பனிகள். சிப் பழுதானால் மாற்றுவதும் வழக்கம். மற்றத் தடயங்களோடு சேர்ந்து வந்தால் பலம், தனியாக நின்றால் ஒன்றுமில்லை.

நகல்களைப் பற்றி. சி-1 அங்கிக்கு இன்று நகல் தைத்து விற்கிறார்கள், யுத்தக்கால உடுப்புப் போட்டு நடிப்பவர்களுக்காக. நேர்மையாக நகல் என்று சொல்லி விற்பதில் தவறில்லை, அது கைமாறும்போதுதான் அசலாகிவிடுகிறது. நகலைப் பழசாக்க தேயிலைச் சாயத்தில் தோய்ப்பார்கள், கல்லால் தேய்ப்பார்கள். தேய்மானம் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். உண்மையில் பாவித்த அங்கி பரசூட் வார் அழுத்துகிற இடத்தில், தோளிலும் கக்கத்தின் ஓரத்திலும், வார் போன வழியில் ஒரு பட்டியாகத் தேய்ந்திருக்கும். கழுத்தில் வியர்வைக் கறை இருக்கும். பொக்கெட்டுக்குள்ளே கத்தியின் நுனி குத்திய மூலை, தீக்குச்சிக் குப்பி பதிந்த வட்டம் இருக்கும். பொய்த் தேய்மானம் எல்லா இடத்திலும் ஒரே அளவாக விழும். உங்கள் அங்கியின் தோளில் தேய்ந்த பட்டி படத்திலேயே தெரிகிறது.

முக்கியமான எச்சரிக்கை ஒன்று. எல்லாப் பொக்கெட்டும் காலி என்று எழுதியிருக்கிறீர்கள். விரலை விட்டுத் துழாவுவதற்கு முன்னால் வெளியில் இருந்து மெதுவாக அழுத்திப் பாருங்கள். தீச்சமிக்ஞைக் குழல், தோட்டா, வாயுக் குப்பி எது இருந்தாலும் எடுக்காதீர்கள், குலுக்காதீர்கள், வெயிலில் வைக்காதீர்கள். பழைய தீச்சமிக்ஞை மருந்து காலத்தோடு கெட்டு நிலையில்லாமல் போகும். அப்படி ஏதாவது இருந்தால் ஆட்களை அப்புறப்படுத்திவிட்டுப் பொலிசுக்கு அறிவியுங்கள். வெடிபொருள் என்ன செய்யும் என்று நமது மாவட்டத்துக்கு யாரும் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. உலோகக் குழாயில் ஊசி பொருத்திய மருந்து இருந்தால் அது மோர்பின், பிள்ளைகள் கையில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இருட்டில் ஒளிரும்படி செய்த யுத்தக்காலத் திசைகாட்டிகளில் ரேடியம் பூசியவை உண்டு, திறந்து சுரண்ட வேண்டாம். இன்னொன்றும் சொல்ல வேண்டும்: இராணுவப் பாணி உடுப்பு எதையும் போட்டுக்கொண்டு வெளியே திரிவது இங்கே நல்லதல்ல. பழையதோ புதியதோ, விளக்கம் சொல்லிக்கொண்டு நிற்க வேண்டி வரும். வீட்டுக்குள் வைத்துப் பாருங்கள், எங்கே இருந்து வந்தது என்பதை எழுதிக் கூடவே வையுங்கள்.

பாதுகாப்பதற்கு: தோய்க்கவே கூடாது. மென்மையான தூரிகையால் தூசி தட்டினால் போதும். மடித்த மடிப்பிலேயே பருத்தி நார் முறியும் என்பதால் சாயம் போடாத பழைய வெள்ளைச் சீலைத் துணியைச் சுருட்டி உள்ளே வைத்து, மடிப்பு விழாமல் கிடத்துங்கள். பொலித்தீன் பையில் இறுக்கிக் கட்டினால் மார்கழி ஈரத்தில் பூஞ்சணம் பிடிக்கும். டிரங்குப் பெட்டியைச் சீமெந்து நிலத்தில் நேரே வைக்காமல் பலகைமேல் தூக்கி வையுங்கள், கறையானுக்கும் நல்லது, வெள்ளத்துக்கும் நல்லது. ரப்பர் பாகம் உள்ள மிதவை ஜக்கெட் யாரிடமாவது இருந்தால் அதை ஊதிப் பார்க்கும் ஆசை வேண்டாம், இறுகிப்போன ரப்பர் மடிப்பிலேயே வெடித்துவிடும்.

இனி எனக்கு நான்கு படம் அனுப்புங்கள். துவக்கு உறையின் வாயும் அடியும், பக்கத்தில் அளவுகோலோடு. வெல்க்ரோ தைத்த பொக்கெட்டின் உட்பக்கம். ஏதாவது ஒரு பொக்கெட் மூடியைத் தூக்கி எடுத்த கிட்டப் படம். லேபலை நான் சொன்ன மாதிரிப் பக்க வெளிச்சத்தில். உறையின் வாய் நான் நினைப்பதை விட அகன்று அடியில் ஒடுங்கினால் சி-1 என்று மேலே சொன்னதை நான் மாற்ற வேண்டி வரும். அம்மப்பா சீனக்குடாவில் எந்த வருடம் தொடங்கி எந்த வருடம் வரை இருந்தார் என்பதையும் வீட்டில் பெரியவர்களிடம் கேட்டு எழுதுங்கள்.